புதுச்சேரியிலிருந்து முதல் பனிச்சறுக்கு வகுப்புக்கு: ஸ்கீயா ஸ்நோபோர்டா, குல்மார்க்கா ஆலியா துபாயா?

பொங்கலுக்கு ஐந்து நாள் விடுமுறை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் விடியற்காலையில் புதுச்சேரியிலிருந்து காரில் சென்னை விமான நிலையம், அங்கிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகர், பிறகு சுமார் 50 கிலோமீட்டர் மலைச்சாலை. குல்மார்க் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். திரும்பி வர ஒரு நாள். மிஞ்சுவது மூன்று நாள். அதில் ஒன்று பனிப்பொழிவிலோ தலைவலியிலோ போனால் இரண்டு.

ஸ்கீயா ஸ்நோபோர்டா, எந்த ஊர், எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்று கடலூர், புதுச்சேரிக்காரர்கள் தனித்தனியாகக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது. பயண நாள் போக, பனிமேல் நிற்கப் போவது எத்தனை நாள்? அதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு பலகையா, ஒரே பலகையா

ஸ்கீயில் காலுக்கு ஒரு பலகை, கையில் இரண்டு கம்பு, முகம் போகிற திசையைப் பார்த்தபடி இருக்கும். ஸ்நோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும். உடம்பு பக்கவாட்டில் நிற்கும், கழுத்தை மட்டும் திருப்பி முன்னால் பார்க்க வேண்டும். கற்கும் வேகத்தில் உள்ள வேறுபாடு முழுக்க இங்கிருந்துதான் வருகிறது. ஸ்கீயில் தடுமாறினால் ஒரு காலை நகர்த்திச் சமாளிக்கலாம். போர்டில் நகர்த்தக் கால் இல்லை. விழுவதுதான் ஒரே வழி.

அதனால் ஸ்கீ கற்பவர் முதல் நாளே முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்து, கலப்பை போல வைத்து நிற்கக் கற்றுக்கொள்வார். இரண்டாம் நாள் அதே கலப்பை நிலையில் இடமும் வலமும் திரும்புவார். மூன்றாம் நாள் எளிய சரிவில் மேலிருந்து கீழே தானாக வந்துவிடலாம். போர்டு கற்பவருக்கு முதல் இரண்டு நாளும் பெரும்பாலும் உட்கார்வதும் எழுவதும்தான். மூன்றாம், நான்காம் நாளில் திருப்பம் பிடிபடும். அதன்பிறகு கணக்கு மாறுகிறது. போர்டு பிடிபட்டவர் வேகமாக முன்னேறுவார். ஸ்கீக்காரர் கலப்பையை விட்டு இரு பலகையையும் இணையாக வைத்துத் திரும்பப் பல வாரம் உழைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே மூன்று நாளோ அதற்குக் குறைவோ இருந்தால் ஸ்கீயைத் தேர்ந்தெடுங்கள். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. இரண்டு நாள் போர்டு கற்றுத் திரும்புகிறவர் விழுவதை மட்டுமே கற்றுத் திரும்புவார். சரியாகத் தொடங்கும் நேரத்தில் விமானம் காத்திருக்கும். ஐந்து நாளுக்கு மேல் இருந்தால் மனம் எதில் நிற்கிறதோ அதை எடுக்கலாம். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஸ்கீதான் எளிது.

தந்திராயன்குப்பம் செரினிட்டி கடற்கரையில் சர்ஃபிங் பழகியவர்களுக்குப் போர்டு பாதி தெரிந்ததுபோல இருக்கும் என்று சொல்வார்கள். பாதி உண்மை. எந்தக் காலை முன்வைப்பது என்பது அவர்களுக்குத் தெரியும், பக்கவாட்டில் நிற்கப் பழகியிருப்பார்கள். ஆனால் அலையில் பழகிய ஒரு வழக்கம் பனியில் அவர்களைக் கவிழ்க்கும்: பின்காலில் எடையை வைப்பது. பனியில் திருப்பத்தைத் தொடங்க எடை முன்காலுக்குப் போக வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் பலகை திரும்பாமல் நேராகக் கீழே ஓடும், வேகம் கூடும், பயமும் கூடும். சர்ஃபிங் பழகியவர் இதைப் பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் அங்கே கண் வைப்பார்.

அடிபடும் இடமும் வேறு. ஸ்கீயில் முழங்கால். பலகை ஒரு பக்கம், உடம்பு இன்னொரு பக்கம் முறுக்கும்போது மூட்டின் தசைநார் கிழியலாம். கம்பின் பட்டையைக் கையில் மாட்டியபடி விழுந்தால் கட்டைவிரல் மூட்டு பிசகும். முதல் வகுப்பில் பட்டையை மாட்டாமல் கம்பை வெறுமனே பிடிப்பது நல்லது. போர்டில் மணிக்கட்டு, தோள், வால் எலும்பு. கையூன்றி விழுவது நம் எல்லோருக்கும் இயல்பாக வருவது. அந்த இயல்புதான் மணிக்கட்டை உடைக்கிறது. விரல்களை மடக்கி முஷ்டியாக்கி, முன்கையில் விழப் பழக வேண்டும். மணிக்கட்டுக் காப்பு போடாமல் போர்டில் ஏறவே வேண்டாம். தையல், வீணை, பல் மருத்துவம் என்று கையை நம்பிய தொழிலில் இருப்பவர் ஸ்கீ பக்கம் போகலாம். பழைய முழங்கால் காயம் உள்ளவர் எலும்பு மருத்துவரைக் கேட்காமல் ஸ்கீ பூட்ஸில் கால் விட வேண்டாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றும் உண்டு. பயிற்சிச் சரிவுகளில் மேலே இழுத்துச் செல்வது பெரும்பாலும் இழுவைக் கம்பி. ஸ்கீக்காரர் அதைப் பிடித்து இரு காலில் நின்றபடி போய்விடுவார். போர்டுக்காரர் பின்காலைக் கழற்றி, ஒற்றைக் காலில் பக்கவாட்டாக நின்றபடி போக வேண்டும். முதல் நாளில் பாதித் தெம்பு இதிலேயே தீரும்.

எந்த ஊர்

குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். கோண்டோலா என்ற கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் கோங்டூரி, இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோள், ஏறக்குறைய 3,950 மீட்டர். உலகெங்கிலுமிருந்து தேர்ந்தவர்கள் வருவது அந்த மேல்மலைக்கு. புதியவருக்கு அங்கே வேலையே இல்லை. சமப்படுத்தாத ஆழ்பனி, பனிச்சரிவு அபாயம், கூடவே காற்றின் அடர்த்தி குறைவு. உங்கள் இடம் கோண்டோலா நிலையத்தை ஒட்டிய மென்சரிவுகள்தான். மத்திய அரசின் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றக் கல்விக்கழகமும் குல்மார்க்கில்தான் இருக்கிறது. அதன் வகுப்புகளுக்கு முன்பதிவு வேண்டும்.

தனிப் பயிற்சியாளரை அமர்த்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையைப் பிடித்துச் சரிவில் இழுத்துப்போய், படம் எடுத்துக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் முடிப்பது சவாரி. வகுப்பு என்றால் பூட்ஸ் மட்டும் போட்டு நடக்க வைப்பார், ஒற்றைப் பலகையில் தள்ளிப் பழக்குவார், விழவும் எழவும் சொல்லிக் கொடுப்பார், பக்கவாட்டில் படியேற வைப்பார், பிறகுதான் சறுக்க விடுவார். “முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வோம்?” என்று கேளுங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாள் கடுங்குளிர்க் காலத்தைச் சில்லாய் கலான் என்பார்கள். பொங்கல் அதன் நடுவில் வருவதால் பனி நிச்சயம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2024 ஜனவரியில் குல்மார்க் சரிவுகள் பல வாரம் புல்லும் மண்ணுமாகக் கிடந்தன. மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது. 2025-ல் பிப்ரவரியில் நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டி பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. பொங்கல் விடுமுறையை விட்டால் வழியில்லை என்பவர் ரத்து செய்யக்கூடிய விமானச் சீட்டும் அறையும் எடுக்கட்டும். நாளை நகர்த்த முடிந்தவர் பிப்ரவரி நடுவைக் குறிவைக்கலாம்.

ஆலி உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் இருக்கிறது. 2,500 முதல் 3,050 மீட்டர். 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த இடம். அரசுச் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் நடத்தும் 7 நாள், 14 நாள் வகுப்புகள் இதன் பெரிய பலம்: தங்குமிடம், சாப்பாடு, கருவி, பயிற்சி எல்லாம் ஒரே கட்டணத்தில். ஆனால் டேராடூனில் இறங்கியபின் ரிஷிகேஷ் வழியாக ஆலிக்குக் கீழே உள்ள ஜோஷிமட் போக ஒரு முழுப் பகல் மலைச்சாலை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்தபோது ஆலி ரோப்வே நிறுத்தப்பட்டது. அதை நம்பித் திட்டமிடாமல், ஜோஷிமட்டிலிருந்து 16 கிலோமீட்டர் சாலைப் பயணத்தைக் கணக்கில் வையுங்கள். பத்து நாள் விடுப்பு கிடைப்பவருக்கு ஆலி சிறந்தது. ஐந்து நாள்காரர் பாதியைச் சாலையிலேயே கழிப்பார்.

மணாலியை ஒட்டிய சோலங்கிலும் நல்ல பயிற்சி கிடைக்கும். மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம் ஸ்கீ வகுப்பு நடத்துகிறது. தனியாகப் போகிறவருக்குக் கூட்டம்தான் தொல்லை. சுற்றுலாப் பயணிகளும் டயர்ச் சறுக்கலும் ஸ்கீயும் ஒரே சரிவில்.

துபாயைப் பலரும் விளையாட்டாகச் சொல்வார்கள். நாங்கள் அக்கறையோடு சொல்கிறோம். மால் ஆஃப் தி எமிரேட்ஸ் உள்ளே 2005 முதல் இயங்கும் ஸ்கீ துபாய், உறைநிலைக்குச் சற்றுக் கீழே வைக்கப்பட்ட உள்ளரங்கம். மிக நீளமான தடம் 400 மீட்டர். சென்னையிலிருந்து நான்கு மணி நேர விமானம், உயர நோய் இல்லை, பனி இருக்குமா என்ற கவலை இல்லை, ஜாக்கெட்டும் கால்சட்டையும் பூட்ஸும் பலகையும் கட்டணத்திலேயே வரும். கையுறை உங்களுடையது. திருப்பவும் நிறுத்தவும் தெரியாதவரைத் தனியாகச் சரிவில் விடமாட்டார்கள். வகுப்பில்தான் சேர வேண்டும், அது நல்லதே. குறை என்னவென்றால் தடம் குட்டை, பனி இறுகியது, மலை என்ற அனுபவம் கிடையாது. இரண்டே நாள் உள்ளவர், அல்லது இது நமக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு குல்மார்க் போக நினைப்பவர், இங்கே தொடங்கலாம்.

புதுச்சேரிக்கே உரிய ஐந்தாவது வழி ஒன்று இருக்கிறது. பாரிஸில் சித்தப்பாவோ அத்தையோ இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். குளிர்காலத்தில் போகிறவர்கள் ஈஃபில் கோபுரத்தோடு நிறுத்தாமல் ஆல்ப்ஸுக்கு ஒரு வாரம் ஒதுக்கலாம். சிவப்பு உடுப்பு அணிந்த பிரெஞ்சு ஸ்கீப் பள்ளி ஆசிரியர்கள் ஏறக்குறைய எல்லா மலைவிடுதிகளிலும் இருப்பார்கள். குழு வகுப்புகள் வாரக் கணக்கில், அரை நாள் வீதம் நடக்கும். தடங்களுக்கு நிறம் உண்டு: பச்சை மிக எளிது, பிறகு நீலம், சிவப்பு, கறுப்பு. முதல் வாரம் முழுக்கப் பச்சையிலேயே இருங்கள். பிரான்சின் பிப்ரவரிப் பள்ளி விடுமுறை மூன்று மண்டலமாகப் பிரிந்து வரும். பாரிஸ் இருப்பது சி மண்டலத்தில். அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் வாரமே அறை வாடகை ஏறும் வாரமும். ஜனவரி நடுவிலோ மார்ச்சிலோ போனால் செலவும் குறையும், சரிவும் காலியாக இருக்கும். சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டுக்குச் சீட்டு வாங்கும்போதே மீட்புக் காப்பீட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மலையிலிருந்து தூக்கி இறக்குவதற்கு அங்கே தனிக் கட்டணம்.

வாங்குவதும் வாடகையும்

பலகை, பூட்ஸ், கம்பு, ஹெல்மெட்: நான்கும் வாடகைதான். முதல் ஆண்டில் இவற்றை வாங்குவது வீண். தோலோடு ஒட்டுவதைச் சொந்தமாக வாங்குங்கள்: உள்ளாடை, காலுறை, கையுறை, பனிக் கண்ணாடி (காகிள்ஸ்), போர்டுக்காரர் என்றால் மணிக்கட்டுக் காப்பும். வாடகைக் கையுறை முந்தைய ஆளின் வியர்வையோடும் ஈரத்தோடும் வரும். ஈரக் கையுறையில் பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். பைக் கையுறை உதவாது, தோல் பனியைக் குடித்துவிடும். ஜாக்கெட்டும் கால்சட்டையும் மூன்று நாளுக்கு வாடகை, பத்து நாளுக்குச் சொந்தம்.

உள்ளாடையில்தான் நம் ஊர்க்காரர் அதிகம் ஏமாறுகிறார். ‘தெர்மல்’ என்று விற்கப்படுவதில் பல பருத்தி கலந்தவை. உள்லேபிளைத் திருப்பிப் பாருங்கள்; பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி என்று இருக்க வேண்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சரிவில் நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பருத்தி பனியனை உள்ளே போட்டு மேலே எவ்வளவு விலையுள்ள ஜாக்கெட் மாட்டினாலும் குளிரும். மழைக்கோட்டும் இதே கதைதான்: வெளித் தண்ணீரைத் தடுக்கும், உள் வியர்வையை வெளியே விடாது. உள்ளாடை, மேலே ஃப்ளீஸ் என்ற மென்மையான கதகதப்புத் துணி, அதற்கு மேல் நீர்புகா ஜாக்கெட். மூன்றே அடுக்கு போதும்.

பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கறுத்த தோலுக்கு எதுவும் ஆகாது என்று கிளம்பியவர்கள் மூக்கின் அடிப்பகுதியும் உதடும் வெந்து திரும்பியிருக்கிறார்கள். எஸ்பிஎஃப் 50 களிம்பைத் தாடைக்கு அடியிலும் பூசுங்கள். மூக்குக் கண்ணாடி போடுபவர் அதன்மேல் அணியும் அகலமான கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள்.

பூட்ஸ்: வாடகைக் கடையில் அரை மணி நேரம்

வகுப்பு நன்றாகப் போவதும் பாழாவதும் பயிற்சியாளரிடம் இருப்பதைவிட இங்கேதான் அதிகம் இருக்கிறது. ஸ்கீ பூட்ஸ் அளவு சென்டிமீட்டரில் வரும். வீட்டிலேயே சுவரில் குதிகாலை ஒட்டி, தாளில் நின்று, நீண்ட விரல்வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: 25.5 என்பதுபோல. காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியது, முழங்கால்வரை. குளிருமே என்று இரண்டு போடாதீர்கள். இடையில் மடிப்பு விழும், ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் குளிரும். தெர்மல் கால்சட்டையின் ஓரத்தை பூட்ஸுக்குள் திணித்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அழுத்தி மதியத்துக்குள் நடக்கவிடாது. அதை மேலே சுருட்டிவிடுங்கள்.

காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னால் அமர்த்துங்கள். நிமிர்ந்து நின்றால் விரல்கள் முன்சுவரைத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விரல்கள் சற்றுப் பின்வாங்க வேண்டும். அதுதான் சரியான அளவு. நமக்கு எல்லாம் இறுக்கமாகத் தோன்றும், காரணம் செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் முன்புறம் விரிந்திருக்கும். கடைக்காரர் உடனே நீளம் கூடிய ஜோடியைக் கொடுப்பார். வாங்காதீர்கள். நீளம் கூடினால் குதிகால் உள்ளே தூக்கும், நீங்கள் முழங்காலைத் திருப்பினாலும் பலகை திரும்பாது. அகலம் கூடிய ஜோடியைக் கேளுங்கள்.

பிறகு பைண்டிங், அதாவது பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பிடி. விழும்போது பூட்ஸைக் கழற்றிவிட்டு முழங்காலைக் காப்பது அதுதான். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், கற்றுக்குட்டியா தேர்ந்தவரா என்ற ஐந்தையும் வைத்து, எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்று காட்டும் அதன் எண்ணை அமைக்க வேண்டும். அடியின் நீளம் பூட்ஸ் பக்கத்தில் மில்லிமீட்டரில் அச்சிட்டிருக்கும். உங்கள் எடையைக் கேட்காமல் பலகையைக் கொடுத்தால் நீங்களே சொல்லி அமைக்கச் சொல்லுங்கள். முன்பும் பின்பும் உள்ள இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண எடையுள்ள புதியவருக்கு எட்டு, ஒன்பது என்று நின்றால் அது முந்தையவருடையது. பலகையின் நீளம் தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் போதும்.

ஸ்நோபோர்டு பூட்ஸ் மென்மையானது, நடக்கலாம், இவ்வளவு தொல்லை இல்லை. குதிகால் தூக்காமல் இருந்தால் போதும்.

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பு

ஸ்கீயில் தொடைத் தசை நீண்டபடியே எடை தாங்கும். படி இறங்கும்போதும் அதுவே நடக்கிறது. அதனால் ஏறுவதைவிட இறங்குவதுதான் பயிற்சி. செஞ்சி ராஜகிரி சுமார் 800 அடி. வாரம் ஒருமுறை ஏறி மெதுவாக இறங்கினால் போதும். அடுத்த நாள் தொடை வலித்தால் அந்த வலியைக் குல்மார்க்கில் அனுபவிக்காமல் இங்கேயே முடித்துவிட்டீர்கள். நவம்பர், டிசம்பர் மழையில் கடலூரில் வெளியே போக முடியாத நாட்களில் மாடிப்படி இருக்கிறது, சுவரில் முதுகை ஒட்டி நாற்காலி போல உட்காரும் பயிற்சி இருக்கிறது: 30 வினாடியில் தொடங்கி 90 வரை. மழை விட்டால் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை மணலில் வெறுங்காலில் நடை, கணுக்கால் உறுதிப்படும். குதிகாலைத் தரையில் பதித்துக் குத்துக்காலிட்டு உட்கார முடிகிறவருக்குக் கணுக்கால் நன்றாக மடங்கும், அவர் ஸ்கீ பூட்ஸில் முன்னால் சாய்ந்து நிற்பது எளிது. முடியாதவர் தினமும் இரண்டு நிமிடம் பழகட்டும்.

கடல்மட்டத்திலிருந்து நேரே 2,650 மீட்டர் போகிறவருக்கு முதல் இரவு தலைவலியும் தூக்கமின்மையும் வரலாம். முதல் நாள் மாலை மது வேண்டாம், தண்ணீர் நிறைய, மறுநாள் வகுப்பு அரை நாள். தலைவலி கூடி வாந்தியும் வந்தால் மேலே போகாமல் கீழே இறங்க வேண்டும். கீழே உள்ள ஊரான தங்மார்க் குல்மார்க்கிலிருந்து 13 கிலோமீட்டர்தான்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குழுவில் ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே படியுங்கள்.

பலகையில் கால் வைக்கும்போது

ஸ்கீ: சரிவுக்குக் குறுக்கே பலகையை வையுங்கள். கம்பின் முனையால் பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டுங்கள். சிறு பனிக்கட்டி இருந்தாலும் பைண்டிங் பாதிதான் பூட்டும், முதல் திருப்பத்திலேயே கழன்றுவிடும். கீழ்ப்பக்கக் கால் முதலில். பூட்ஸ் முனையை முன்னே செருகி, குதிகாலை அழுத்தினால் டக் என்ற சத்தம் கேட்க வேண்டும்.

போர்டு: முன்காலை நின்றபடி கட்டி, உட்கார்ந்து பின்காலைக் கட்டுங்கள். எழும்போது உட்கார்ந்த நிலையிலிருந்து தள்ளி எழ முயன்றால் களைத்துப்போவீர்கள். புரண்டு குப்புறப் படுத்து, முழங்காலில் நின்று, பலகையின் விரல்பக்க விளிம்பைப் பனியில் ஊன்றி எழுங்கள். எழுந்தபின் பலகையைத் தட்டையாக விட்டுவிடாதீர்கள். கீழ்ப்பக்க விளிம்பு பனியில் கொத்தினால் அடுத்த கணமே ஆளைத் தூக்கி அறையும். புதியவர்கள் வாங்கும் பெரிய அடிகளில் பலவும் இப்படித்தான். மேல்பக்க விளிம்பு எப்போதும் பனியைக் கடித்தபடி இருக்கட்டும்.